தொட்டால் பேசும் வீடு

பிரேமினி செய்த வலைப்பக்கத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் ஒன்றின் வீடு இருந்தது. திரையை விரலால் இழுத்தால் வீடு சுழலும். சுவர், அடுப்பு, கூரை, வாசல் என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம். ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள். ஒரு புள்ளியைத் தொட்டால், அந்தப் பொருளைப் பற்றி வீட்டார் தங்கள் குரலிலேயே பேசுவார்கள். அடுப்பைத் தொட்டால் ராசம்மா புகையைப் பற்றிச் சொல்வார். கூரையைத் தொட்டால், பெருமழையில் எந்த வாளியை எங்கே வைக்கவேண்டும் என்று அவருடைய கணவர் நல்லமுத்து விளக்குவார்.

தோட்டத்து மக்களுக்கு வீட்டுக்கும் காணிக்கும் உரிமை வேண்டும் என்பதைக் கூட்டம் போட்டும் துண்டுப்பிரசுரம் அடித்தும் சொல்லிச் சலித்துப்போன ஒரு சிறு இளைஞர் அமைப்பு ஹட்டனில் இருந்தது. பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் அதன் அலுவலகம். அதே செய்தியை இணையத்தில் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்ற யோசனை பிரேமினியுடையது. படமும் ஒலிப்பதிவும் அவள் பொறுப்பு. படங்களைச் சுழலவைப்பதும் புள்ளிகளைப் பேசவைப்பதும் தலவாக்கலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இல்மாவின் பொறுப்பு.

ராசம்மாவின் வீட்டைப் பிரேமினி தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில், அதே லயத்தில், அடுத்த வாசலில் பிறந்தவள் அவள். ராசம்மாவை அத்தை என்றுதான் அழைப்பாள். இரத்த உறவு ஒன்றும் இல்லை. லயத்தில் பொதுச்சுவர் ஒன்றே உறவுக்குப் போதும். பிரேமினியின் குடும்பம் ஹட்டனுக்கு இடம்பெயர்ந்து ஆண்டுகள் ஆன பிறகும், ராசம்மா அவளைப் 'புள்ள' என்று கூப்பிடுவதை விடவில்லை.

பக்கத்தின் முதல் வடிவத்தை நண்பர்கள் சிலருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வந்தவர்கள் நிற்கவில்லை. யார் எதைத் தொட்டார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை இல்மாவின் கணினி காட்டிக்கொடுத்தது.

"எல்லாரும் கூரைய தொட்டுட்டு ஓடுறாங்க டீ," என்றாள் இல்மா. "மையத்து கெடக்கிற வூட்டுக்கு வந்த மாதிரி. வாராங்க, மொகத்த காட்டுறாங்க, போறாங்க."

"உள்ளதத்தானே காட்டுறோம்?"

"உள்ளதுதான். ஆனா பாக்க ஏலாம ஈக்கி. அந்த வூட்ல யாரும் சிரிக்கவே மாட்டாங்களா?"

சிரிப்பார்கள். பிரேமினிக்கு அது தெரியும். அவள் கருவிகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அக்கரப்பத்தனை பஸ் ஏறினாள்.

அந்த வீட்டின் சிரிப்பு, வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ராசம்மாவின் ஒரே மகன் தர்ஷன் கொழும்பில் புடவைக்கடை ஒன்றில் வேலைசெய்தவன். சுதர்ஷினியைக் கைப்பிடித்த பிறகு அவளையும் கொழும்புக்கே அழைத்துப்போவதாக இருந்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தாயும் தகப்பனும் படுக்கும் ஒற்றைக் காம்பராவில் புதுமணத் தம்பதியர் எங்கே படுப்பார்கள்? மகனை இங்கேயே இருத்திவிட ராசம்மாவுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. நல்லமுத்து பின்சுவரை ஒட்டி, சீமெந்துக் கல்லும் தகரமுமாக ஓர் அறை எழுப்பினார். கிழக்கே பார்த்த யன்னல் ஒன்றும் வைத்தார். தர்ஷன் திரும்பி வந்தான். லிந்துலையில் ஒரு கராஜில் வேலையும் கிடைத்தது. சுதர்ஷினி யன்னலுக்குத் தன் பழைய சேலையொன்றை வெட்டித் திரை தைத்தாள்.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். தோட்டத்து நிலத்தில் அனுமதியின்றி ஒரு கல்லையும் வைக்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. அந்த விதியை யாரும் எதிர்த்ததில்லை. யாரும் பின்பற்றியதும் இல்லை. அந்த லயத்தில் முக்கால்வாசி வீடுகளுக்குப் பின்னால் ஏதோவொன்று முளைத்திருந்தது. தேர்த் திருவிழாவுக்காகத் தோட்டம் மூடியிருக்கும் நாட்களில்தான் கட்டுவார்கள். வெளித்தோட்டத்து உறவினர்கள் விருந்தாளிகளாகவும் கொத்தனார்களாகவும் ஒரே சமயத்தில் வந்து சேர்வார்கள். மேளச் சத்தத்தில் சுத்தியல் சத்தம் கரைந்துவிடும். திருவிழா முடிந்து மறுபடி பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் காலைக்குள் தகரம் ஏறியிருக்கவேண்டும். ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அது யார் கண்ணிலும் படாது. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை எதிர்ப்பக்கத்துத் தேயிலையைப் பார்த்தபடி நடப்பார். தோட்ட நிர்வாகியான பெரிய தொரையின் ஜீப் நிற்கும் வளைவிலிருந்து லயத்தின் முன்பக்கம் மட்டுமே தெரியும். பேச்சில்கூட அதை யாரும் அறை என்று சொல்வதில்லை, 'பின்பக்கம்' என்பார்கள். "தம்பி எங்க?" என்று கேட்டால் "பின்பக்கம் படுத்திருக்கான்" என்று பதில் வரும். கேட்டவரும் அதற்குமேல் கேட்கமாட்டார்.

பிரேமினிக்கு இது தெரியாததல்ல. அவளே ஒரு பின்பக்கத்தில் படித்துப் பரீட்சை எழுதியவள்.

ஆனாலும் அன்று அவள் ஒலிவாங்கியை நீட்டியபோது நல்லமுத்து வேறு மனிதராகிவிட்டார். கூரையைப் பற்றிக் கேட்டபோது ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தவர், இந்த அறையைப் பற்றி ஆற்றொழுக்காகப் பேசினார்.

"மச்சான் பொகவந்தலாவயிலேருந்து மேசன் கரண்டிய வேட்டியில சுத்திக் கொண்டாந்தான் பாப்பா. சாமி கும்பிட வந்தவன் கையில கரண்டி என்னாத்துக்குன்னு கேட்டா, பொங்க கிண்டன்னு சொல்லுவானாம்! அங்கிட்டு தேரு போவுது, இங்கிட்டு செவுரு ஏறுது. அடுத்த நாளு காலையில ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளை வாராரு. நான் தகரத்து மேல உக்காந்திருக்கேன், கையில ஆணி. மனுசன் நிமுந்தே பாக்கலியே! தேயிலைய எண்ணிக்கிட்டே போனாரு."

பிரேமினி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் பதிவில் இருந்தது.

"அதையெல்லாம் போட்டுறாத புள்ள," என்றார் ராசம்மா, அடுப்படியிலிருந்து.

"போடட்டுமே. இதையெல்லாம் யாரு உக்காந்து பாக்கப் போறா?" என்றார் நல்லமுத்து.

"பேரு வராது அத்தை. மொகம் வராது. தோட்டத்துப் பேரும் வராது," என்றாள் பிரேமினி. அந்த வாக்குறுதியை அவள் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினாள். நல்லமுத்துவின் பேச்சில் கணக்கப்பிள்ளையின் பெயர் வந்த இடத்தைக்கூட வெட்டி எடுத்தாள். யன்னலுக்கு வெளியே தெரிந்த மலையை மட்டும் அப்படியே விட்டாள், படத்துக்கு அழகு என்று. அந்த மலையின் வடிவத்தைப் பார்த்ததும் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் யாரானாலும் இடத்தை அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

புள்ளிக்கு அவள் வைத்த பெயர்: 'இவர்களே கட்டிய அறை.'

இம்முறை மக்கள் நின்றார்கள். கூரையைத் தொட்டார்கள், அடுப்பைத் தொட்டார்கள், பிறகு அந்த அறைக்குள் போய் நல்லமுத்துவின் பேச்சை முழுவதும் கேட்டார்கள். கேட்டுவிட்டு மற்றவர்களுக்கும் அனுப்பினார்கள். பேராதனையில் படிக்கும் சில மாணவர்கள் தாங்களாகவே சிங்கள மொழிபெயர்ப்பு வரிகள் சேர்த்துக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் கடிதம் போல நீண்ட கருத்துகள் வந்தன. காணி உரிமைக்கான மனுவில் கையெழுத்துகள் ஏறிக்கொண்டே போயின. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று ஞாயிற்றுக்கிழமை இதழில் அந்த யன்னலின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டு, நம்பிக்கையின் யன்னல் என்று எழுதியது. கீழே பேக்கரியிலிருந்து கேக் வாங்கி வந்து அலுவலகத்தில் வெட்டினார்கள். இல்மாவின் வாப்பா, மகள் செய்வது வேலைதான் என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டாராம்.

மறு வாரம் தோட்டத் தலைவர் ஜீவராஜ் பிரேமினிக்குத் தொலைபேசியில் பேசினார். தொழிற்சங்கத்துக்காரர், எல்லா விடயத்தையும் உரக்கப் பேசுபவர். அன்று மெதுவாகப் பேசினார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க பாப்பா," என்றார். அவ்வளவுதான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ராசம்மா வீட்டு வாசலில் ஜீவராஜ் வாங்குப்பலகையில் உட்கார்ந்திருந்தார். நல்லமுத்து சுவரோரம் நின்றார். தர்ஷன் வேலைக்குப் போகவில்லை.

"கொழும்பு கம்பனி ஹெட் ஆபீஸுல ஒரு அம்மா இத பாத்து அழுதாங்களாம்," என்று தொடங்கினார் ஜீவராஜ். "நல்லா அழுது முடிச்சிட்டு, இந்த ரூம் நம்ம பிளான்ல இல்லியேன்னு கேட்டாங்களாம்."

யாரும் சிரிக்கவில்லை.

"தொரை என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் பிரேமினி.

"அவரு என்னா சொல்லுவாரு? இம்புட்டு நாளும் பாக்காமத்தான் இருந்தாரு, நல்ல மனுசன். 'ஜீவராஜ், எனக்கே லிங்க் அனுப்பியிருக்காங்க, இனிமே பாக்கலன்னு நான் எப்பிடி சொல்றது'ங்கிறாரு. கணக்கப்பிள்ளைய கூப்பிட்டு வெளக்கம் கேட்டிருக்காங்க. பென்சனுக்குக் காத்திருக்கிற ஆளு."

"அவர் பேர நான் வெட்டிட்டேன் தலைவரே."

"வெட்டினீங்க. இந்த டிவிஷன்ல எத்தன கணக்கப்பிள்ளை இருக்காங்கன்னு நெனச்சீங்க?"

ஜீவராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். இந்த ஓர் அறையை மாத முடிவுக்குள் இடித்துவிட்டால், தோட்டத்தில் இப்படி ஒன்றுதான் இருந்தது, அதுவும் அகற்றப்பட்டது என்று தொரை எழுதி அனுப்பிவிடுவார். இடிக்காவிட்டால் கொழும்பிலிருந்து அளப்பதற்கு ஆள் வரும். வருகிற ஆள் ஒரு லயத்தோடு நிற்கமாட்டார்.

"ஒண்ணு போனா ஒண்ணோட போவும்," என்றார்.

"அந்த ஒண்ணு எங்களோடது," என்றான் தர்ஷன். "ஒலகமே எங்க ரூமுக்குள்ள வந்து சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கு. கனடாவுல ஒரு ஆளு திரை நல்லா இருக்குன்னு எழுதியிருக்கான். நல்லா இருக்கு. அவன வந்து கழட்டச் சொல்லுங்க."

"தம்பி," என்றார் நல்லமுத்து.

"நீங்க சும்மா இருங்கப்பா. பேசினது போதும்."

பிரேமினிக்கு முகம் சுட்டது. அந்தச் சூட்டிலேயே அவள் பேசினாள். "இடிக்க விடமாட்டோம். இதுக்குத்தானே நாங்க இருக்கோம்? இன்னொரு வலைப்பக்கம் செய்வோம். 'இந்த அறையை இடிக்காதே'ன்னு. பாத்தவங்க அத்தன பேரும் நம்ம பக்கந்தான் இருக்காங்க. ஒரே வாரத்துல கொழும்புக்குப் பதில் சொல்ல முடியாம போயிரும்."

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். லயத்துப் பெண்கள் சிலர் வாசல்படிக்குக் கீழே வந்து நின்றிருந்தார்கள், கொழுந்துக் கூடையை இன்னும் முதுகிலிருந்து இறக்காத ஒருத்தி கேட்டாள்: "அப்ப எங்க பின்பக்கத்தையும் படம் எடுப்பீங்களா புள்ள?"

கேள்வியில் கோபம் இல்லை. பயந்துபோய்த்தான் கேட்டாள். இரண்டு பிள்ளைகள் அவளுடைய பின்பக்கத்தில் படுப்பதைப் பிரேமினி அறிவாள்.

ராசம்மா எழுந்து சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார். "வேணாம் தலைவரே. இன்னொரு தடவ யாரும் பாக்க வேணாம். நாங்களே எறக்கிர்றோம்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. உள்ளே, பின்பக்கத்திலிருந்து, சுதர்ஷினி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தர்ஷன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

ஹட்டன் அலுவலகத்தில் மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நாம் கேட்டுக்கொண்டிருந்ததே இந்தப் பிரச்சினையைத்தானே, இப்போதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது, இப்போது பின்வாங்கினால் எப்போது முன்னேறுவது என்று கேட்டார்கள். கேள்வி சரியானது. பிரேமினியிடம் அந்த லயத்தின் பின்பக்கங்களில் தூங்கும் பிள்ளைகளின் கணக்கு மட்டுமே இருந்தது. அதையும் வெளியே சொல்லக்கூடாது.

"நாங்க சத்தம் போட்டா பேப்பர்காரன் வருவான்," என்றாள் இல்மா, எல்லாரும் போன பிறகு. "பேப்பர்காரன் வந்தா அளக்கிறவனும் வருவான். அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

"வெல்லவும் ஏலும் டீ."

"ஏலும். வென்றா ஒரு சட்டம் மாறலாம். தோத்தா லயம் முழுக்க இடியும். பந்தயம் கட்டுறது நாம. வீடு அவங்களோடது."

இல்மா விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள். பிறகு கேட்டாள்: "ஒனக்கு முன்னமே தெரியுமா, இப்பிடி சொல்லப்படாதுன்னு?"

"தெரியும்."

"அப்ப ஏன்?"

அதற்கான பதிலைப் பிரேமினி பின்னர் பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த அறைக்குள் கருவியோடு நின்றபோது அவள் மனதில் இருந்தது லயத்தின் வழக்கமல்ல. யார் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்ற எண்ணம்தான். ஒரு மாதமாக அந்த வீட்டை வருகிறவர்களின் கண்ணால் பார்த்துப் பழகியவளுக்கு, அங்கே வசிக்கிறவர்களின் கண் மறந்துவிட்டது. தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்புக் கேட்கலாம். ராசம்மா அடுப்படியிலிருந்து சொன்ன அந்த ஒரு வாக்கியம் ஒலிப்பதிவிலேயே இருந்தது. அதை வெட்டும்போது, பின்னணி இரைச்சல் என்று குறித்துக்கொண்டுதான் வெட்டினாள்.

மற்றவர்களுக்கு விருப்பமில்லாதபோதும், வலைப்பக்கத்தை அன்று மாலையே இறக்கினார்கள். இறக்குவதற்கு இல்மாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பிரதியெடுத்தவர்களின் பிரதிகள் இருந்தன. பத்திரிகையின் அரைப் பக்கம் இருந்தது. முகம் தெரியாத ஒருவர், அந்த யன்னல் எனக்குத் தினமும் ஆறுதலாக இருந்தது, ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார். பிரேமினி பதில் எழுதத் தொடங்கி, இரண்டு வரியில் அழித்துவிட்டாள்.

அறையை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். அழைப்பு ஒன்றுமில்லை, போகாமலிருக்க முடியவில்லை. தகரங்கள் ஏற்கெனவே இறங்கிச் சுவரோரம் சாய்ந்திருந்தன. நல்லமுத்து ஒவ்வோர் ஆணியையும் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவள் கற்களை எடுத்து அடுக்கப் போனாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தர்ஷனும் சுதர்ஷினியும் தலவாக்கலையில் பிற்பகல் ரயிலைப் பிடிக்கக் காலையிலேயே புறப்பட்டுப் போயிருந்தார்கள். புடவைக்கடைக்காரர் பழைய வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நல்ல முதலாளி என்றார் ராசம்மா.

தேத்தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டியபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அத்தை, நான்..." என்று ஆரம்பித்தாள் பிரேமினி.

"விடு. ஒன்ன மட்டும் சொல்லி என்னா ஆவப்போவுது? அந்த மனுசனுக்கு வாய் நிக்கல. எனக்கும்தான். நீ மைக்க நீட்டி, பொகை எப்பிடி அத்தைன்னு கேட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணு எரியுதான்னு இத்தன வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல." பிறகு சொன்னார்: "மருமக மாசமா இருக்கா. போறப்பதான் சொன்னாங்க. ஒரு மாசமாவே தெரியுமாம். நல்ல நாள் பாத்து சொல்லலாம்ன்னு இருந்தாங்களாம்."

பிரேமினி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குடித்தாளா என்பது அவளுக்கே நினைவில்லை.

நடுப்பகல் தாண்டியதும் ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளை வந்தார். முன்பு போலத் தேயிலையைப் பார்த்தபடி நடக்கவில்லை. நல்லமுத்துவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். சேர்ந்து பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்ட இருவர் அதற்குமேல் என்ன பேசமுடியும்? அவர் பிரேமினி பக்கம் திரும்பி, சட்டைப்பையிலிருந்து தன் கைத்தொலைபேசியை எடுத்தார்.

"கொழும்புக்குப் படம் அனுப்பணுங்க. இடிச்சது தெரியணுமாம். காலையில தகரம் எறங்கினப்பவே ஒண்ணு எடுத்து அனுப்பினேன். கை அசைஞ்சிருச்சு, வெளங்கலன்னு திருப்பிட்டாங்க." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "நீங்கதான் நல்லா எடுப்பீங்களே. ஒண்ணு எடுத்துக் குடுங்கம்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். திரையில் அந்த இடம் தெரிந்தது: மிதிபட்ட மண், பழைய பின்சுவர், அதில் கலவை பெயர்ந்த தழும்பு. இடது ஓரத்தில் அடுத்த வீட்டாரின் தகரம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் வலப்பக்கம் நகர்ந்தாள். இப்போது அந்தக் கொழுந்துக் கூடைப் பெண்ணின் பின்பக்கத்துச் சுவரும், அதில் காய்ந்த பிள்ளைகளின் சீருடையும் உள்ளே வந்தன. முன்னால் போனாள், சுவர் முழுமையாக வரவில்லை. பின்னால் வந்தாள், லயம் முழுக்க, வீட்டுக்கு வீடு, ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தது. இறுதியில் மண்ணில் முழங்காலிட்டு, தொலைபேசியைத் தாழப் பிடித்து, சாய்த்து, நிமிர்த்தி, அந்த வெற்றிடத்தையும் பழைய சுவரையும் வானத்தையும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு கோணத்தைக் கண்டுபிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தாள்.

ஆண்டியப்பன் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரல்களால் பெரிதாக்கி, நான்கு ஓரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"படத்துல வேற ஒண்ணும் விழல," என்றார்.

"இல்லீங்க."

அவர் அனுப்பினார். அந்த மேட்டில் எப்போதும் சிக்னல் குறைவு. படம் போய்ச் சேரும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.